பில்லில் எழுதித் தாங்க, பிறகு "ஒரிஜினல்" என்று சொல்லுங்க!

பழைய பஜெரோ ஜீப் வைத்திருக்கிறவன் தலையில் எதையும் கட்டலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது, உதிரிப்பாகக் கடைக்காரரே?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடை. "ஜப்பான் ஒரிஜினல் சேர்" என்று டைமிங் பெல்ட் (எஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் பட்டி) தந்தார்கள். விலையும் ஒரிஜினல் விலைதான். கராஜில் மெக்கானிக் பாஸ் கையில் வாங்கி விரலால் தேய்த்தார், எழுத்து அழிந்தது. போலி! திருப்பிக் கொண்டுபோனால் பில்லின் அடியைக் காட்டுகிறார்கள்: விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது. "ஒரிஜினல்" என்ற சொல் பில்லில் எங்கே? வெறும் "பெல்ட் 1".

இது வைப்பர் பிளேட் இல்லை ஐயா! என் பஜெரோவின் 4டி56 டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், வால்வைத் தள்ளும் ரொக்கர் ஆம் உடையும். உள்ளே அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சின்ன பெல்ட் இருக்கிறது. அது பிய்ந்தாலும் பெரிய பெல்டில் சிக்கி அதையும் நாசமாக்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது அறுந்தால் யார் வந்து நிற்பது?

"வித்துப்போட்டு புதுசு எடுங்கோவன்" என்று ஒரு கூட்டம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் சம்பளக்காரனுக்குத் தலை சுற்றுகிறது. இருக்கிற ஜீப்பைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி?

டயர் கதை இன்னும் மோசம். கறுப்புப் பூசி மினுக்கின பாவித்த டயரை "புதுசு மாதிரி" என்கிறார்கள். பக்கத்தில் 1416 என்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை செய்த டயர்! 235/75 15 அளவு டயர் போட்டிருந்த வண்டிக்கு அதைவிடப் பெரிய 31 இஞ்சி டயர் போட்டால் ஸ்பீட் மீட்டர் 60 காட்டும்போது 64இல் ஓடும். அதையும் சொல்லமாட்டார்கள். "ஒண்டும் ஆகாது, போடுங்க."

நேர்மையான கடைக்காரரும் அங்கே இருக்கிறார்கள். "இது தாய்வான் சாமான், கதவுக் கைப்பிடிக்குப் போதும், பெல்டுக்கு இதை நம்பாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவர்களிடம் சந்தோஷமாக வாங்குகிறேன். கையில் காசு குறைந்தவனுக்குத்தான் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்ற உண்மை அவசியம். அதை மறைப்பது வியாபாரம் இல்லை, களவு. நுகர்வோரை ஏமாற்றுவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே தடை செய்கிறது.

பிராண்ட், நாடு, புதுசா பாவித்ததா. இவ்வளவையும் பில்லில் எழுதுங்கள். எழுத மறுக்கிற கடையில் இனி நான் காசை வெளியே எடுக்கப்போவதில்லை. சாமான் வாங்குகிற நீங்களும் எடுக்காதீர்கள்.