வெளிநாட்டில் இருந்து எங்கட இலங்கைத் தேர்தல் முடிவைப் பார்ப்பவர்களுக்கு

இங்கே வாக்களிப்பு முடிவது பின்னேரம் 4 மணிக்கு. அப்போது இலண்டனில் முற்பகல், ரொறொன்ரோவில் விடிகாலை. அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற சொந்தக்காரரின் வட்ஸ்அப்புக்கு வெளிநாட்டில் இருந்து செய்தி வரத் தொடங்கிவிடும். "யாழ்ப்பாணம் அவைக்காம்", "கொழும்பு போயிட்டுதாம்". அந்த நேரத்தில் நாட்டில் ஒரு முடிவும் வந்திருக்காது. வாக்குப் பெட்டிகளே அப்போதுதான் எண்ணும் நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தூரத்தில் இருந்து ஊர்த் தேர்தலில் அக்கறைப்படுவதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீடும் பெற்றோரும் இங்கே இருக்கும்போது அக்கறை இல்லாமல் எப்படி? நான் கேட்பது ஒன்றுதான். முடிவுத் தாளை ஒழுங்காக வாசியுங்கள், வாசித்த பிறகு கருத்துச் சொல்லுங்கள்.

முதலில் வருவது தபால் மூல வாக்கு. அதைப் போடுபவர்கள் அரச ஊழியர், பொலிஸார், படையினர், தேர்தல் கடமையில் இருப்போர். கடைக்காரரும் மீனவரும் தோட்டத் தொழிலாளியும் அதில் இல்லை. அதனால் தபால் முடிவை வைத்து மாவட்டத்தைக் கணிப்பது பலமுறை பிழையாகப் போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: தபால் முடிவு மாவட்டத்துக்கு ஒன்றாகத்தான் வெளியாகும். "நல்லூர்த் தொகுதி தபால் வாக்கு" என்று ஒரு படம் வந்தால் அது போலி, பகிர வேண்டாம். உண்மையான தாளில் செல்லுபடியான வாக்கு, நிராகரிக்கப்பட்ட வாக்கு, அளிக்கப்பட்ட மொத்த வாக்கு மூன்றும் இருக்கும். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். போலித் தாள்களில் பெரும்பாலும் இந்தக் கூட்டலே சரிவராது.

நாடு முழுக்க 160 தொகுதிகள், 22 தேர்தல் மாவட்டங்கள். பொதுத் தேர்தலில் தொகுதிக்கு ஆசனம் கிடையாது. 225 பேரில் 196 பேர் மாவட்ட அடிப்படையில் தெரிவாகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது கட்சிகள் நாடு முழுக்க எடுத்த வாக்கின்படி வருபவர்கள். ஆகவே "சாவகச்சேரியை வென்றுவிட்டார்" என்பதற்கு ஆசனக் கணக்கில் எந்த அர்த்தமும் இல்லை. கிளிநொச்சியும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் வரும். அதைத் தனி மாவட்டமாகத் தேடிக் குழம்பாதீர்கள்.

அதிகம் பிழையாக வாசிக்கப்பட்டது 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலின் யாழ்ப்பாண முடிவு. அங்கே 6 ஆசனங்கள். அநுர குமார திசாநாயக்கவின் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, தமிழரசுக் கட்சிக்கு 63,327, தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855. ஆசனங்களோ 3, 1, 1, 1. 63 ஆயிரத்துக்கும் ஒன்று, 28 ஆயிரத்துக்கும் ஒன்றா என்று அன்று பலர் கொதித்தார்கள். கணக்கு இதுதான். 5 சதவீதம் எடுக்காதவர்களின் வாக்குகளை முதலில் கழித்துவிடுவார்கள். முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக மிச்சம் 5. எஞ்சிய வாக்குகளை 5ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 48 ஆயிரம். அந்த அளவைத் தாண்டியவை இரண்டே கட்சிகள், ஆளுக்கொரு ஆசனம். மீதி 3 ஆசனங்கள் மிச்ச வாக்கு யாரிடம் கூட இருக்கிறதோ அவர்களுக்கு. தேசிய மக்கள் சக்தியிடம் 32 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம், தமிழரசிடம் 15 ஆயிரம்தான். நடுவில் காங்கிரசும் சுயேச்சையும் முழு 28 ஆயிரத்தோடு நின்றன. அவ்வளவுதான்.

பாதி ஆசனத்தை எடுத்த கட்சி செல்லுபடியான வாக்கில் கால்வாசிகூட எடுக்கவில்லை, 24.85 சதவீதம். அது முதலிடம் வந்தது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவே "தமிழ்த் தேசியம் முடிந்தது" என்று எழுதியவர்கள் ஆசனத்தை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை. தமிழ்க் கட்சிகள் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் இதே வாக்குகளுக்கு வேறு விடை வந்திருக்கும். கோபப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஜனாதிபதித் தேர்தலின் கணக்கு வேறு. 2024 செப்டம்பர் 21இல் அநுர குமார திசாநாயக்க 42.31, சஜித் பிரேமதாச 32.76 சதவீதம். ஒருவரும் பாதியைத் தாண்டாததால் முதல் தடவையாக விருப்பு வாக்கு, அதாவது சீட்டில் இரண்டாம், மூன்றாம் தெரிவாகப் போட்ட அடையாளம், எண்ணப்பட்டது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சுமார் 33 இலட்சம் சீட்டுகளையும் மறுபடி எடுத்து, இந்த இருவரில் யாருக்காவது விருப்பு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிச் சேர்ந்தது இருவருக்கும் மொத்தமாக 2,73,131 மட்டுமே. முடிவு ஞாயிறு பின்னேரம் வரை இழுபட்டதற்குக் காரணம் இந்த வேலைதான். அதற்குள் "ஏதோ சுத்துமாத்து நடக்குது" என்று எத்தனை குரல் பதிவுகள் சுற்றின! இங்கே வயது போனவர்கள் அவற்றைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். தயவுசெய்து அனுப்ப முன் யோசியுங்கள்.

வாக்களிப்பு வீதம் குறைவு, சனம் வெறுத்துவிட்டது என்று சொல்ல முன்னும் ஒரு விசயம். வெளிநாடு போனவர்களின் பெயர் சில வீடுகளில் இன்னும் வாக்காளர் இடாப்பில் கிடக்கிறது. போடாத வாக்காக அதுவும் கணக்கில் சேர்ந்து வீதத்தைக் கீழே இழுக்கும். கிராம அலுவலரின் படிவம் வரும்போது நிரந்தரமாகப் போய்விட்டவர்களின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

வாக்களிக்கவென்றே ரிக்கற் எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்ட முன் உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். இப்போதைக்கு வெளிநாட்டில் இருந்தபடி வாக்குப் போட வழி இல்லை. அது மாற வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. குவைத்திலும் கட்டாரிலும் உழைத்துப் பணம் அனுப்புகிற, இலங்கைக் கடவுச்சீட்டை மட்டுமே வைத்திருக்கிற பிள்ளைகளுக்குத் தூதரகத்தில் ஒரு பெட்டி வையுங்கள். முதலில் அவர்கள். இரட்டைக் குடியுரிமைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.