ஆசீர்வாதம் தகப்பனுக்கு மட்டும் உரியதல்ல

“தகப்பன் இல்லாத வீட்டில் செபமாலை தொடங்கக்கூடாது, பிள்ளைகளை ஆசீர்வதிக்க அவருக்கு மட்டுமே உரிமை” என்று சிலர் சொல்வது கத்தோலிக்கப் போதனை அல்ல. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டின் 11ஆம் எண், பெற்றோர் இருவரையும்தான் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் அறிவிப்பாளர் என்கிறது. புனித பவுலின் சீடர் திமொத்தேயுவுக்கு விசுவாசம் பாட்டியிடமும் தாயிடமும் இருந்து வந்தது (2 திமொத்தேயு 1:5). போரில் கணவரை இழந்த எத்தனை தாய்மார் இலங்கையின் வடக்கே வன்னியில் தனியே பிள்ளை வளர்க்கிறார்கள்! அவர்களிடம் இப்படிச் சொல்வது பெரும் பாரம். படுக்கப்போகும் பிள்ளையின் நெற்றியில் தாயும் தாராளமாகச் சிலுவை அடையாளம் வரையலாம்.

தகப்பனின் பொறுப்பு இதனால் குறையாது. செபமாலையின் ஐந்து பத்துமணிகளையும் (பத்து மணிகள் கொண்ட ஐந்து பகுதிகள்) சொல்ல இருபது நிமிடம் போதும். பிள்ளைகளை முழங்காலில் விட்டுத் தகப்பன் போனோடு இருந்தால்தான் செபம் அவர்களுக்குத் தண்டனையாகிறது. எபேசியர் 6:4, பிள்ளைகளை எரிச்சல்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கே சொல்கிறது.