பெரியவர்களை ஏன் பெரும்பாக்கத்துக்குத் துரத்த வேண்டும்?

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு பில்டர் கைக்குப் போனால் உரிமையாளருக்குப் புது ஃபிளாட், பில்டருக்கு மீதி. பின்கட்டு ஒற்றை அறையில் காலம் தள்ளிய பெரியவருக்கு அட்வான்ஸ் மட்டும் திரும்பி வரும், அதிலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு.

அவருடைய வருமானம் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அதை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் வீடு தேடச் சொல்லுங்கள் பார்ப்போம். அரசு வீடு இருக்கிறதே என்பீர்கள். எங்கே? ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில். சுகர் மாத்திரைக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறி வந்து போனாலே முதியோருக்கான இலவச பஸ் டோக்கன் நான்கு காலி, மாதத்துக்குக் கொடுப்பதே பத்துதான். கடனுக்கு அரிசி தரும் அண்ணாச்சியும், காலையில் கதவு திறக்கவில்லையென்றால் வந்து தட்டும் எதிர்வீட்டு அக்காவும் அங்கே கூடவா வரப்போகிறார்கள்?

சரி, பணத்துக்கு எங்கே போவது? பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது ஷெல்டர் கட்டணம் வாங்குகிறார்கள், ஏழைகளுக்கு வீடு கட்டத்தான். எந்த ஏரியாவில் வாங்கினார்களோ அதில் ஒரு பங்கை அந்த ஏரியாவிலேயே செலவழிக்க வேண்டும் என்று விதி போடட்டும். நிலமும் இருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (முன்னாள் குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, ஏற்கெனவே இருப்பவர்கள் வீட்டில் கை வைக்காமல், தரைத்தளத்தில் சில சின்ன வீடுகளைக் கூடுதலாகக் கட்டலாம்.

ஆனால் வாடகைக்கு மட்டும்தான். பயனாளி பங்குத்தொகை கட்டு என்றால் 68 வயதுக்காரருக்கு எந்த பேங்க் லோன் கொடுக்கும்? சொந்தமாகக் கொடுத்தாலோ பிள்ளைகள் கைக்குப் போய், அப்புறம் யாருக்கோ உள்வாடகைக்குப் போகும். அவர் காலத்துக்குப் பிறகு இன்னொரு முதியவருக்கே அது போக வேண்டும். வாடகை, உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, 400 ரூபாய். அதில் மோட்டார் ரிப்பேருக்கே காணாது, தெரியும். அதனால் கட்டுவதற்கு ஒரு தடவை பணம் ஒதுக்கினால் முடிந்தது என்று இருக்க முடியாது, பராமரிப்புக்கு வருஷா வருஷம் பட்ஜெட்டில் தனியாக வைத்தாக வேண்டும். நம் ஊரில் எப்போதும் கோட்டை விடுவது இங்கேதான்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேருக்கு முதியோர் இல்லம் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டமே சொல்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அது தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத முதியவர்களுக்கு, வேண்டியதுதான். தானே சமைத்து, தன் கதவைத் தானே பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வரும் மனுஷனை எதற்கு வரிசைக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும்?

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் நான் கேட்கப் போவது ஒன்றுதான்: நம் வார்டில் எழும்பிய கட்டடங்களிடம் இதுவரை எவ்வளவு ஷெல்டர் கட்டணம் வாங்கினீர்கள், அது எந்த ஊரில் செலவானது? வருகிறவர்கள் வாங்க, சேர்ந்தே கேட்கலாம்.