கேமராவை விடுங்கள், கேள்வியைப் போடுங்கள்

ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை என்று புலம்பும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கவனித்து அவர்கள் என்ன செய்ய வேண்டும்? நாம் முக்கால் மணி நேரம் பேசுகிறோம். கடைசியில் "புரிஞ்சுதா?" என்கிறோம். சாட்டில் "எஸ் சார்" வரிசையாக விழுகிறது. கருவாடு புரட்டிக்கொண்டே அந்த "எஸ் சார்" போடலாம். போடுகிறார்கள்.

தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் இயற்பியல் எடுக்கிறேன். நான் போயிருந்த ஒரு பயிற்சியில், கேமரா ஆன் செய்தால்தான் வருகைப்பதிவு கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே அறை உள்ள வீட்டில் அம்மா சமைப்பதையும் தம்பி அழுவதையும் வகுப்பே பார்க்கட்டும் என்று எந்தப் பிள்ளை விடும்? முகம் திரையில் இருந்தால் மனசும் அங்கேயே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நான் செய்வது வேறு. பாடத்தை விளக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் போட்டுவிடுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து வகுப்பறையில் செய்து காட்டியது. முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், பிறகு மறுபடியும் பதில் சொல்ல வேண்டும். ஆன்லைனில் வாக்கெடுப்பும் சின்னக் குழு அறைகளும் இருப்பதால் இதைச் செய்வது சுலபம்.

அப்படித்தான் பாம்பன் புதுப் பாலத்தை எடுத்தேன். 2025 ஏப்ரலில் திறந்த பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். 1914இல் வந்த பழைய பாலத்தை ஆட்கள் கையால் இயக்கித் திறந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கேள்வி இதுதான்: "அந்த இரும்பின் மொத்த எடையையும் மோட்டார்தான் தூக்குதா?" பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மூன்று பேராகப் பிரித்து ஐந்து நிமிடம் பேச விட்டேன். திரும்பி வந்தபோது வாக்கு மாறியிருந்தது. கோபுரத்துக் கப்பியின் மறுபக்கம் எதிர் எடை தொங்குகிறது, மோட்டாருக்கு உராய்வையும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தையும் சமாளித்தால் போதும் என்று அவர்களே பிடித்துவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒருநாளும் கேமரா ஆன் செய்யாத ஒரு பையன் கேட்டான்: "சார், வடமும் கனம்தானே? பாலம் மேல போகப் போக வடம் அந்தப் பக்கம் இறங்குமே, அப்ப பேலன்ஸ் மாறாதா?" புத்தகத்தில் இது இல்லை. பெரிய தூக்குப் பாலங்களைக் கட்டும் பொறியாளர்கள் உண்மையிலேயே கணக்குப் பார்க்கிற விஷயம் இது. சில பாலங்களில் இதற்காகவே ஈடுகட்டும் சங்கிலி தொங்கவிடுகிறார்கள். கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து வந்த கேள்வி.

இரவுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் நோட் வர வேண்டும். புத்தகம் பார்க்காமல், வீட்டில் யாருக்காவது விளக்குவது போல. கீழக்கரைப் பிள்ளை ஒன்று அனுப்பியதில் நடுவே அவள் வாப்பா குரல்: "அப்ப கரண்ட் போனா பாலம் விழுந்துருமா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "விழாது வாப்பா, ரெண்டு பக்கமும் சமமாத்தானே தொங்குது." முழு மதிப்பெண் போட்டேன். வாப்பாவுக்கும் பாதி போட்டிருக்கலாம்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் வேடிக்கை, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்தான். வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டுப் "புரிஞ்சிருச்சு" என்கிற பிள்ளையை எனக்கு அப்படியே ஞாபகப்படுத்துகிறது.

வாய்ஸ் நோட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்கு டேட்டா அதிகம் பிடிக்காது. விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் அப்பாவோடு போனும் போய்விடும், மறுநாள் வந்ததும் அனுப்பலாம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டிலேயே இருக்கும், ரீசார்ஜுக்குத்தான் காசு இருக்காது. "ஆர்வம் இல்லாத மாணவர்" என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

"பாடம் ஓடவே மாட்டேங்குதே சார்" என்று பெற்றோர் சிலர் குறைப்படுகிறார்கள். உண்மைதான், ஒரு பாலத்துக்கே இரண்டு வகுப்பு போய்விட்டது. வரையறைகளையும் எளிய கணக்குகளையும் வீடியோவில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், யூடியூபில் அதற்குப் பஞ்சமில்லை. நேரலையில் எல்லாரும் சேர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மட்டும் பேசித் தீர்க்க மனசில்லை.

இந்த வாரக் கேள்வி: தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பெண் கடல் குளம் மாதிரி கிடக்க, சாலைக்கு அந்தப் பக்கம் ஆண் கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது? தெரிந்தவர்கள் இங்கேயே பதிலைப் போட்டு உடைத்துவிடாதீர்கள், பிள்ளைகளும் என் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.