2003 வேதியியல் நோபல்: அக்ரேவுக்கு எதற்கு?

சிறுநீரகத்தின் அயனிக் கால்வாயைக் (மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயனிகளைச் செல் சவ்வின் வழியே விடும் புரதப் பாதை) கண்டுபிடித்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் நோபல் கிடைத்தது என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். ஆண்டும் ஆளும் சரி, காரணம்தான் மாறிவிட்டது.

அக்ரே கண்டுபிடித்தது நீர்க் கால்வாய், அதாவது அக்வாபோரின்-1. சிவப்பணுச் சவ்விலும் சிறுநீரக நுண்குழல்களிலும் நிறைய இருக்கும் புரதம் அது. தண்ணீர் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக விடும், புரோட்டானைக்கூட (ஹைட்ரஜன் அயனி) விடாது. 1992இல் அவர் குழு வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: இந்தப் புரதத்தை உண்டாக்க வைத்த தவளை முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டார்கள். தண்ணீர் உள்ளே புகுந்து அவை மளமளவென்று ஊதி வெடித்தன. புரதம் இல்லாத முட்டைகளில் பெரிய மாற்றம் இல்லை.

அயனிக் கால்வாய்க்கான பங்கு ராடரிக் மெக்கின்னனுக்குப் போனது. பொட்டாசியம் கால்வாயின் அமைப்பை 1998இல் அணு அளவில் காட்டியவர் அவர். ஒரே ஆண்டு, ஒரே பரிசு என்பதால் குழப்பம் வருவது இயல்புதான்.

சரிபார்ப்பது சுலபம். நோபல் பரிசின் அதிகாரபூர்வத் தளத்தில் 2003 வேதியியல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இருவருக்கும் தனித்தனியாக ஒரு வரிக் காரணம் போட்டிருப்பார்கள்.