மாடியில் சோலார்: முழுவதும் இலவசம் என்பது உண்மையல்ல

“மின்வாரியம் எல்லா வீட்டு மாடியிலும் இலவசமாக சோலார் தகடு பொருத்துகிறது, கரண்ட் போனாலும் விளக்கு எரியும், உடனே இந்த இணைப்பில் பதியுங்கள்” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு.

வீட்டு மாடி சோலாருக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் தருவது மானியம்தான்: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, அதிகபட்சம் 78,000. மீதிச் செலவு வீட்டுக்காரருடையது. மானியமும், தகட்டைப் பொருத்தி, நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும்.

பாட்டரி இல்லாத அமைப்பில், மின்தடை வந்தவுடன், தகடு தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மீது உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே! அதற்காகவே இந்த ஏற்பாடு.

திட்டத்தின் அரசு இணையதளத்திலோ உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ சரிபாருங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.