சேரின் கொப்பியைக் கேட்டுப் பாருங்கோ

தை, மாசி வந்தால் வன்னியில் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் இல்ல விளையாட்டுப் போட்டி. முகநூல் முழுக்கக் கிண்ணமும் மாலையும். படத்தின் ஓரத்தில் நிற்கிற விளையாட்டுச் சேரிடம் எத்தனை தங்கம் என்று மட்டும்தான் கேட்கிறோம். அவரின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

நீளம் பாய்தலையே எடுப்போம். வலயமட்டத்தில் மூன்று தரமும் பவுலாகிப் பிள்ளை அழுதுகொண்டு வந்தால், பிழை பெரும்பாலும் பாய்ச்சலில் இல்லை, ஓடிவந்ததில். கால் ஊன்றிப் பாய்கிற மிதிபலகை 20 சென்ரிமீற்றர் அகலம்தான், அதைத் தாண்டி மிதித்தால் பவுல். அதைத் தேடிக் குனிந்துகொண்டு ஓடினால் கடைசிக் கவடுகள் குறுகி வேகம் செத்துவிடும். விசயம் தெரிந்த சேர் பிள்ளையைப் பலகையில் நிறுத்தி, குழிக்கு முதுகு காட்டி 12 கவடு முழு வேகத்தில் ஓட விடுவார். கடைசிக் கால் விழுந்த இடத்தில் ஒரு கோடு. ஆறு தரம் ஓடினால் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கும். அதுதான் ஓட்டம் தொடங்குகிற குறி. அங்கிருந்து பலகைவரை நாடா பிடித்து அளந்து கொப்பியில் எழுதுவார்.

வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கினால் அந்தக் கணக்கும் குழம்பும். பின்னேரம் காற்றுக்கு எதிரே ஓடிப் பழகின பிள்ளையின் கவடு குறுகியிருக்கும். போட்டி காலையில், காற்று எழும்ப முதல். அதே குறியிலிருந்து ஓடினால் கால் பலகையைத் தாண்டிவிடும். அதனால்தான் கொப்பியில் ஒரே பேருக்கு நேரே இரண்டு அளவு இருக்கும்.

பாய்கிற குழியும் அவர் தலையில்தான். மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடக்கும். மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்காவது கொத்திப் புரட்டாமல் பாயவிட்டால் குதிக்காலும் முழங்காலும் போகும். கட்டாக்காலி மாடுகள் படுத்தெழும்பின சாணியை அள்ளுகிறதும் அவர்தான் (இதுக்கெல்லாம் எந்தச் சான்றிதழும் கிடையாது).

கொப்பியின் பின்பக்கத்தில் வேறு கணக்கு. யார் காலமை சாப்பிடாமல் வருகிறது, யாருக்கு எத்தனை கிலோமீற்றர் சைக்கிள், எந்தப் பாதையில் பொழுதுபட்டால் யானை. சாப்பிடாத பிள்ளையை வேக ஓட்டம் ஓடவிட்டால் மூன்றாவது ஓட்டத்திலேயே தலை சுற்றும். சாதாரண தரப் பரீட்சை வருசம் வந்ததும் பொம்பிளைப் பிள்ளைகளை மறிக்கிற வீடுகளுக்கு ஒரு ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போய், ரியூசன் இல்லாத நாள் பார்த்துப் பயிற்சியை மாற்றி, ஐந்தரைக்குள் வீட்டில் நிற்பாள் என்று சொல்லிவிட்டு வருகிற சேர்மார் இருக்கிறார்கள். ஐந்தரை என்றால் ஐந்தரைதான். ஒருநாள் பிந்தினாலும் அந்த வீட்டுக் கதவு பிறகு திறக்காது.

பழைய மாணவர் சங்கங்கள் பொன்னாடை போர்த்துகிறது நல்லதுதான். அடுத்த முறை அதோடு 50 மீற்றர் நாடா ஒன்றும், குழிக்கு இரண்டு மூன்று கியூப் மணலும் சேர்த்துக் கொடுங்கோ.